எட்டுக்குள் இருந்த மூன்று

பெட்டி விழுந்தது புதன்கிழமை. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பெட்டியைப் பார்த்த கையோடு தகட்டுக்காரியின் முகத்தையும் பார்த்தார்கள். காரணம் இருந்தது. கிரேனை ஓட்டியவள் அவளுடைய நாத்தனார். இரண்டு பேரும் எலியும் பூனையும் என்பது அந்தப் பட்டறையில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். இன்றைக்கு இவளுக்குக் கொண்டாட்டம்தான் என்று நாலு பேராவது நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வாயை யார் மூடுவது? அவள் முதலில் அண்ணாந்து பார்த்தது நாத்தனார் பத்திரமா என்றுதான்.

பெரிய பெரிய இயந்திரங்களை மரப்பெட்டிக்குள் அடைத்து அனுப்புகிற பட்டறை அது. பெட்டியைத் தச்சர் அடிப்பார். அடித்த பெட்டியில் எழுதுவது இவள் வேலை. பெட்டி எண், மேல் பக்கம் எது என்று காட்டும் அம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக எடை. தூரிகையால் எழுதுவதில்லை. எழுத்துகளை வெட்டி எடுத்த தகரத் தகடுகள் இருக்கின்றன. தகட்டைப் பலகையில் வைத்து அழுத்தி, கறுப்புப் பெயின்ட்டை ஸ்ப்ரே அடித்து, தகட்டை எடுத்தால் எழுத்து நிற்கும். தடித்த, முரட்டு எழுத்து. அழகெல்லாம் பார்க்க மாட்டாது. கிரேனில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாற்பதடி உயரத்திலிருந்து தெரியவேண்டும், மழையில் நனைந்தாலும் தெரியவேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த நாகரிகம்.

அந்த எழுத்தில் இவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. முழு எழுத்தாகவே அது இருக்காது, துண்டு துண்டாகத்தான் நிற்கும். பூஜ்யத்தை அப்படியே வெட்டினால் நடு வயிறு கழன்று கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க மேலும் கீழும் சிறு பாலம் விட்டுத்தான் வெட்டவேண்டும். அந்தப் பாலம் விழுந்த இடம் பலகையில் வெள்ளைக் கோடாக நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவளுக்குத் தெருவில் நேராக நடக்க வரவில்லை. தண்ணீர் லாரியின் முதுகு, தீயணைப்பு வாளி, மின்கம்பம், நோட்டீஸ் ஒட்டாதே என்று மிரட்டும் சுவர் என எங்கே தகட்டு எழுத்தைக் கண்டாலும் நின்றுவிடுவாள். பாலம் தடியா, ஒல்லியா, நேரா, சாய்வா? வெட்டியவன் நிதானமானவனா, அவசரக்குடுக்கையா? "உன்கூட கடைக்குப் போனா கடை மூடிடும்" என்று புருஷன் தலையில் அடித்துக்கொள்வான்.

கிரேன் ஓட்டுகிற நாத்தனாருக்குப் பட்டறையில் வைத்த பெயர் மேலிடம். புருஷனுடைய அக்கா. வேலையில் நாற்பதடி மேலே, வீட்டில் மாடி அறை. இரண்டு இடத்திலிருந்தும் கீழே பார்த்துத்தான் பேச்சு. குழம்பில் உப்பு குறைந்தால் மாடியிலிருந்து குரல் வரும். பெட்டியில் பெயின்ட் வழிந்திருந்தால் கிரேனிலிருந்து குரல் வரும். "அண்ணி, கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லுங்களேன், ஊருக்கே கேக்குது" என்றால், "கேக்கட்டும், அப்பதான் உனக்கு உறைக்கும்" என்று பதில் வரும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் எடையை மேலிடம் கிரேனிலிருந்து படித்து விரலில் காட்டுவாள். கீழே பெட்டியைத் தூக்குவதற்குப் பெல்ட் கட்டுகிறவர் அந்த விரலைப் பார்த்துப் பெல்ட் எடுப்பார். மூன்று டன்னுக்கு மஞ்சள், எட்டு டன்னுக்கு நீலம். புதன்கிழமை அவள் மூன்று விரல் காட்டினாள். அவர் மஞ்சள் பெல்ட்டைப் போட்டார். பெட்டி ஆளுயரம் எழும்பியதும் பெல்ட் மூலையில் உரசி அறுந்தது. பெல்ட்காரர் துள்ளிக் குதித்துத் தப்பினார். பெட்டியின் ஒரு பக்கம் பலகை பலகையாகச் சிதறியது, உள்ளே இருந்த இயந்திரமும் போனது. உடையாத மறுபக்கத்தில் பளிச்சென்று நின்றது எண். எட்டு டன்.

"மூணுதான் போட்டிருந்துது. நான் பாத்தேன்" என்றாள் மேலிடம்.

"இதோ எட்டு இருக்கே. கண்ணு முன்னாடி இருக்கே" என்றார் சூப்பர்வைசர். எட்டுத் தகட்டையே கொண்டுவரச் சொல்லி அட்டையில் அடித்துப் பார்த்தார்கள். அப்பழுக்கில்லாத எட்டு. சனிக்கிழமை காலை விசாரணை, அதுவரைக்கும் கிரேனில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தப்பு அவள்மேல் என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். பத்தொன்பது வருஷம் மேலே இருந்தவள் தரையில் நிற்கவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் தகட்டுக்காரி டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்த மேலிடம் கூடத்தில் நின்றாள். காலெண்டரைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய் மறுபடி பார்த்தாள். ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கதவுக்கே போய்விட்டாள்.

"ஏம்மா" என்றாள். குரலே அவள் குரலாக இல்லை. "அந்தக் கடைசி வரிசையில முதல்ல இருக்கறது எட்டா, மூணா?"

"இருபத்தெட்டு அண்ணி. எட்டுதான்."

"எனக்கும் எட்டாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, "ஆனா அன்னைக்கும் எனக்கு மூணாத்தானே தெரிஞ்சுது" என்றாள். இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் நாத்தனார் தன்னிடம் ஒரு சந்தேகம் கேட்டு அவள் பார்த்ததில்லை. உத்தரவுதான் வரும், கேள்வி வராது. தகட்டுக்காரி டிபன் பாக்ஸை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வேலை போவதைவிடப் பெரிய பயம் அந்த முகத்தில் இருந்தது. கண் போய்விட்டதோ என்ற பயம்.

இந்தப் பெண்பிள்ளை என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், குருடி கிடையாது. பெயின்ட் ஒரு சொட்டு வழிந்தாலும் நாற்பதடி மேலேயிருந்து கண்டுபிடித்துத் திட்டுகிற கண் அது. அந்தக் கண் எட்டை மூன்றாகப் படிக்குமா? படித்தால் ஏன் படித்தது? பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் இந்தக் கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது. வழியில் ஒரு தண்ணீர் லாரி நின்றதைக்கூட அன்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போனதும் எட்டுத் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தடித்த எட்டு. நட்டநடுவே மேலிருந்து கீழாக மூன்று பாலம். நிழல் விழுந்து மூன்றாகத் தெரிந்திருக்குமோ? வெளியே போய் உடைந்த பெட்டியின் நல்ல பக்கத்தை வெயிலில் பார்த்தாள், நிழலில் பார்த்தாள், குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் எட்டு, எட்டு, எட்டுதான். அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. கிரேன் இருக்கும் பக்கம் இது இல்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் எடை எழுதுவது வழக்கம். மேலிடம் பார்த்தது உடைந்த பக்கத்தை! அடக் கடவுளே, இவ்வளவு பேர் கூடி நின்று உடையாத பக்கத்தையல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

உடைந்த பலகை எங்கே என்று, பட்டறையின் கழிவு மரமெல்லாம் போய்ச் சேரும் பாய்லர்காரரிடம் ஓடினாள்.

"எரிச்சாச்சு தாயே. புதன்கிழமையே சாம்பலாயிடுச்சு" என்றார் அவர்.

"எல்லாமா?"

"தச்சர் வந்து பொறுக்கினதுபோக மிச்சம் எல்லாம். அந்த மனுஷன் ஆணியக்கூட விடமாட்டாரே."

தச்சர் தன் கொட்டகை வாசலில் புது பெஞ்சு போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டிப் பலகையில் அடித்த பெஞ்சு. அவள் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்து, "உக்காரும்மா, ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம், கெட்டிப் பலகை" என்று தள்ளி உட்கார்ந்தார்.

"எந்திரிங்க" என்றாள்.

"என்னது?"

"பெஞ்சைத் திருப்பணும். எந்திரிங்க அண்ணே, சொல்றேன்."

டீ கொட்டியது. தச்சர் முணுமுணுத்தார். பெஞ்சு தலைகீழாகக் கவிழ்ந்து நாலு காலையும் மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் அடிவயிற்றில், கறுப்பாக, தடியாக, ஒரு மூன்று இருந்தது. அதற்குக் கீழே பெட்டி எண் 217. விழுந்த பெட்டியின் எண் அதேதான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! மூணு! மூணுதான் போட்டிருக்கு!" என்று அவள் கத்தினாள். எதற்கு இந்தக் கூத்து என்று தச்சருக்கு விளங்கவில்லை. மேலிடம் ஜெயித்ததில் தனக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அண்ணி குருடி இல்லை, சொன்னேனே, அந்தக் கண்ணுக்குத் தப்பு வராது! தான் எட்டு அடித்த பெட்டியில் எந்தப் புண்ணியவான் வந்து மூன்று போட்டான் என்று பார்க்கக் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

மூன்று என்றால் இடது பக்கத்து நுனிகள் கொக்கி மாதிரி உள்ளே வளையவேண்டும். இந்த மூன்றின் நுனிகள் வளையவில்லை. கத்தியால் நறுக்கினாற்போல நேராக நின்றன. இப்படி ஒரு மூன்றை உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் போடுவாள். அந்த ஆளின் கை இப்போது பெஞ்சுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மூன்றுத் தகடு உடைந்து ஒரு மாதம் ஆகிறது. லாரிச் சக்கரம் ஏறிவிட்டது. புதுத் தகடு கேட்டு எழுதிக்கொடுத்ததற்கு, வரும் வரும் என்றார்கள், வந்தபாடில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார இவளால் ஆகுமா? எட்டுத் தகட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் பளிச்சென்று பட்டது. நடுப்பாலம் எட்டை நேர் பாதியாக வெட்டுகிறது. வலது பாதி ஒரு மூன்று. இடது பாதி அதே மூன்றைக் கண்ணாடியில் பார்த்தது. இடது பாதியில் டேப் ஒட்டி மறைத்து அடித்தால், ஆகா, மூன்று! சூப்பர்வைசர்கூட முதுகில் தட்டி, "மூளைக்காரிம்மா நீ" என்றார். ஒரு வாரம் அவள் தரையில் நடக்கவில்லை. மூன்று டன் பெட்டி வந்தால் டேப் ஒட்டுவாள், அடித்ததும் உரித்துவிடுவாள். உரித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 217-இன் ஒரு பக்கத்தில் எட்டு அடித்தாள். அதற்குள், லாரி நிற்கிறது, ஒரு மூன்று டன் பெட்டிக்கு உடனே எழுது என்று கூப்பிட்டார்கள். டேப் ஒட்டி அதை முடித்துக்கொடுத்துத் திரும்பி வந்தாள். 217-இன் மறுபக்கம் சுவரை ஒட்டி இருந்தது. நடுவே ஒரு முழ இடைவெளிதான். கையைமட்டும் உள்ளே விட்டு, தகட்டைத் தடவி வைத்து, பெயின்ட் மூக்கில் ஏறாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தாள். "எனக்குக் கண்ணே வேண்டாம், கையே பாத்துக்கும்" என்று எத்தனை தடவை ஜம்பம் அடித்திருப்பாள்! மாலையில் தகட்டைத் தின்னரில் கழுவும்போது கறுப்பாய் ஒட்டியிருந்த டேப் பிசுக்கென்று கையோடு வந்ததும் ஞாபகம் வந்தது. உரித்து எறிந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவள், அந்த டேப் ஏன் இன்னும் அங்கே இருந்தது என்று ஒரு நொடி யோசிக்கவில்லை.

"மூணு டன் பெட்டிப் பலகை போல இருக்கு. அதுக்கா இந்த ஆட்டம்?" என்றார் தச்சர்.

"இந்தப் பலகை எனக்கு வேணும் அண்ணே."

"பெஞ்சு..."

"வேற பலகை தரேன். இதக் கழட்டிக் குடுங்க."

பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கொட்டகைக்கும் ஆபீசுக்கும் நடுவில்தான் பாய்லர். கதவு திறந்திருந்தது. உள்ளே நெருப்பு திகுதிகு என்று எரிந்தது.

"விறகா? போடு உள்ள" என்றார் பாய்லர்காரர்.

அவள் நின்றாள். ஒரு நிமிடம் நின்றாள் என்று சொன்னால் பொய். நல்ல நேரம் நின்றாள். பல பெட்டிப் பலகைகளைப் பொறுக்கிச் சேர்த்த தச்சருக்கு இது எந்தப் பெட்டி என்று தெரியாது. நறுக்கிய நுனியின் ரகசியம் சூப்பர்வைசரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவரும் வாய் திறக்கமாட்டார். பலகை உள்ளே போனால் கதை முடிந்தது. அண்ணியின் லைசென்ஸ் போகும், இவளுடைய மூளைக்காரிப் பட்டம் நிலைக்கும். வெளியே எடுத்தால் இவளுடைய வேலையே போகலாம். பெல்ட்காரர் ஓரடி தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வாள்? பயமாக இருந்தது. அழுகை வந்தது. போயும் போயும் அந்தப் பொம்பளைக்காகவா என்றுகூட ஒரு எண்ணம் வந்தது, மறைப்பானேன்.

அப்போது காலெண்டர் ஞாபகம் வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவோரம் நின்ற அந்த உருவம். பலகை எரிந்தால் அந்த மனுஷி இனிமேல் ஆயுசுக்கும் தன் கண்ணை நம்பமாட்டாள். சாலையைக் கடக்கும்போதுகூட, வருவது பஸ்ஸா இல்லையா என்று யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"இல்லண்ணே, இது விறகு இல்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அன்று வீட்டில் வாய் திறக்கவில்லை. பலகை பட்டறையிலேயே அவளுடைய அலமாரிக்குப் பின்னால் பழைய சேலையில் சுற்றி இருந்தது.

சனிக்கிழமை மேனேஜர் அறையில் மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, சூப்பர்வைசர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலிடம் மேஜைக்கு முன்னால் நின்றாள். உயரமான பெண், அன்று குட்டையாகத் தெரிந்தாள்.

"கண் டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"திங்கக்கிழமை போறேன் சார்" என்றாள் மேலிடம் தரையைப் பார்த்தபடி.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது. தகட்டுக்காரி உள்ளே வந்தாள். ஒரு கையில் பலகை, ஒரு கையில் எட்டுத் தகடு, இடுப்பில் ஸ்ப்ரே டப்பா. யார் கூப்பிட்டது என்று சூப்பர்வைசர் கேட்பதற்குள் மேனேஜர் மேஜைமேல் கிடந்த செய்தித்தாளை விரித்துவிட்டாள். தகட்டின் இடது பாதியில் டேப்பை ஒட்டினாள். புஸ் என்று அடித்தாள். தகட்டை எடுத்தாள். பக்கத்தில் பலகையை வைத்தாள்.

பலகையில் இருந்த மூன்றும் தாளில் அடித்த மூன்றும் அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நறுக்கிய நுனி, அதே தடிமன், எல்லாம் ஒன்று.

"217-ஓட இன்னொரு பக்கம் சார் இது. அண்ணி பாத்தது இதத்தான். எட்டுக்குப் பதிலா மூணு போட்டது நான். டேப்பை உரிக்க மறந்துட்டேன். பாக்காம அடிச்சேன்." மூச்சு விடாமல் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று அவளுக்குத் தெரியும். "அவங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. என் கையிலதான் குறை."

 மூளைக்காரி என்று முதுகில் தட்டிய சூப்பர்வைசர் சுவரில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மேலிடம் பலகையைப் பார்த்தாள். மெதுவாகப் பின்னால் நடந்தாள். கதவு முதுகில் இடிக்கும்வரை போனாள். இடது கண்ணை மூடினாள், திறந்தாள். வலது கண்ணை மூடினாள், திறந்தாள்.

"மூணு" என்றாள். "இங்கேருந்தும் மூணு."

அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷமாக யார் முன்னாலும் கலங்காத கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பி பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "மூணு நாளா நான் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சேன். வீட்டுக்கு வாடி, உனக்கு இருக்கு."

"வரேன் அண்ணி" என்றாள் இவள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது.

வேலை போகவில்லை. பலகையை எரிக்காமல் கொண்டுவந்தாளே என்று மேனேஜர் அந்த அளவோடு விட்டார். ஆனால் எழுத்து வேலையிலிருந்து மூன்று மாதம் விலக்கி, கிரேனுக்கு அடியில் பெல்ட்காரருக்கு உதவியாகப் போட்டார். இனிமேல் மேலே படிப்பதோடு நிற்கக்கூடாது, கீழே இருப்பவரும் பெட்டியைச் சுற்றி வந்து இரண்டு பக்கத்தையும் படித்துச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்று புது உத்தரவு வந்தது. ஒரு மாதமாக வராத மூன்றுத் தகடு இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. பட்டறை என்றால் அப்படித்தான்.

திங்கட்கிழமை மேலிடம் ஏணியில் ஏறினாள். தகட்டுக்காரி கீழே தலைக்கவசத்தோடு நின்றாள். பாவம், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. முதல் பெட்டி வந்தது. மேலிருந்து விரல் வரவில்லை. ஊருக்கே கேட்கும் குரல்தான் வந்தது.

"என்னான்னு பாத்துச் சொல்லு!"

அவள் ஒரு பக்கம் பார்த்தாள். பெட்டியைச் சுற்றி ஓடி மறுபக்கமும் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

"எட்டு அண்ணி! ரெண்டு பக்கமும் எட்டு!"

மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு, இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் கேட்டிராத மெதுவான குரலில், அந்த நாற்பதடியிலிருந்து பதில் இறங்கி வந்தது.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. நீலத்தைப் போடு."